எலியை விட்டுவிட்டு ஆளைக் குறித்த வரைபடம்

 

ஒரு நகரத்தில் எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், எங்கிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பார்ப்பது இன்றைய ஆய்வாளர்களுக்குக் கணினி வேலை. ஆனால் கணினிக்கு வெகு காலம் முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். அதில் ஒரு வரைபடம், மருத்துவனாக என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

1885, சான் ஃபிரான்சிஸ்கோ. சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்து மூன்று வருஷம். நகர நிர்வாகம் ஒரு குழு போட்டு, 12 பிளாக்குகள் கொண்ட சைனா டவுனை வீடு வீடாக அளந்து படம் போட்டது. சூதாட்ட வீட்டுக்கு ஒரு நிறம், அபின் கூடத்துக்கு ஒரு நிறம், விபசார விடுதிக்கு ஒரு நிறம், ஏன், கோயிலுக்குக்கூட ஒரு நிறம்!

மக்கள் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? பலகைப் படுக்கைகளை எண்ணினார்கள். ஒரு படுக்கைக்கு ரெண்டு பேர் என்று பெருக்கி 30,000க்கு மேல் என்று எழுதிவிட்டார்கள். 1880 சென்சஸில் நகரம் முழுக்கவே சுமார் 21,700 சீனர்கள்தான்.

இங்கே ஒன்று கவனியுங்கள். அந்தக் கட்டடங்களில் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் வெள்ளையர்கள். கொள்ளை வாடகை. வேறு பகுதியில் சீனருக்கு வீடு கிடைக்காது. நெரிசலுக்குக் காரணமே இதுதான். வாடகைக்கு ஒரு நிறம், வீட்டுக்காரருக்கு ஒரு நிறம் தீட்டியிருக்கலாம் இல்லையா? தீட்டவில்லை.

தீட்ட முடியாத காரியம் ஒன்றும் அல்ல அது. பத்து வருஷம் கழித்து சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்துப் பெண்கள் வேறு மாதிரி செய்து காட்டினார்கள். ஃப்ளாரன்ஸ் கெல்லி தலைமையில் வீடு வீடாகத் திரட்டிய விவரங்களை வைத்து, 1895இல் இரண்டு படங்கள் வெளியிட்டார்கள். ஒன்றில் 18 நாட்டு, இன மக்கள் யார் எங்கே என்று. இன்னொன்றில் அதே தெருக்களில் ஒரு குடும்பத்தின் வாரக் கூலி எவ்வளவு என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "இவங்க இப்படித்தான்" என்று சொல்ல வாய் வராது. கூலி கண்ணில் பட்டுவிடும்.

சரி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவோம். 1900 மார்ச் 6. சைனா டவுனில் ஒரு விடுதியின் அடித்தளத்தில் வசித்த சீனத் தொழிலாளி இறந்து கிடந்தார். பிளேக். மறுநாளே போலீஸ் அந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டியது. உள்ளே இருந்த வெள்ளையர்களை வெளியே போக விட்டார்கள். சீனர்கள் போகக்கூடாது. சில நாளில் கயிறு போனது. மே மாசக் கடைசியில் திரும்ப வந்தது. இந்த முறை கோடு நேராகப் போகவில்லை. வெள்ளையர் கடை வரும் இடத்தில் வளைந்து அதை வெளியே விட்டது. பிளேக் கிருமிக்குக் கடை முதலாளியின் நிறம் தெரியும்போல!

சீனர்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் ஹாஃப்கின் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. நம்ம பம்பாயில் 1897இல் ஹாஃப்கின் உருவாக்கிய அதே ஊசி. ஊசியில் குறை சொல்ல மாட்டேன். ஒரு இனத்துக்கு மட்டும் கட்டாயம் என்றதுதான் கோளாறு. நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு ஜூ ஹோ என்ற மளிகைக் கடைக்காரர் கயிறுக் கோட்டை எதிர்த்து வழக்குப் போட்டார். ஜூன் 15 அன்று நீதிபதி மாரோ அந்தக் கோட்டையும் அழித்தார். அவர் சொன்ன காரணத்தில் மருத்துவமும் இருக்கிறது. நோய் இருக்கும் வீட்டைத் தனிமைப்படுத்தாமல் ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக அடைத்தால் நோய் உள்ளேயே பரவும் என்றார். கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு இது எளிதாகப் புரியும்.

இதற்கிடையில் மாநில ஆளுநர் கேஜ் "பிளேக்கே இல்லை" என்று சாதித்துக்கொண்டிருந்தார். வியாபாரம் கெட்டுவிடுமாம். பயந்துபோன குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன. 1904க்குள் ஏறக்குறைய 120 பேருக்கு நோய். பெரும்பாலோர் சீனர்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர்.

இத்தனைக்கும், எலித் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று கராச்சியில் ஆய்வு செய்த பால்-லூயி சிமோன் 1898லேயே சொல்லிவிட்டார். கேட்கத்தான் ஆளில்லை.

1906 நிலநடுக்கத்தில் நகரம் எரிந்தது. சைனா டவுனும் சாம்பல். அடுத்த வருஷம் பிளேக் மறுபடி வந்தது. இப்போது நகரம் முழுக்க, பெரும்பாலும் வெள்ளையர்களுக்கு! இடிபாடுகளிலும் தற்காலிகக் குடிசைகளிலும் எலிகளுக்குக் கொண்டாட்டம். 160 பேர் அளவில் பாதிப்பு, பாதிப் பேர் அளவில் இறப்பு.

இந்த முறை பொறுப்பேற்ற மருத்துவர் ரூபர்ட் ப்ளூ நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்தார். பிடித்த எலி ஒவ்வொன்றுக்கும், எந்த முகவரியில் பிடிபட்டது என்று எழுதிச் சீட்டுக் கட்டினார்கள். ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்து, கிருமி இருந்தால் அந்த முகவரிக்கு ஆள் போகும். குப்பைத் தொட்டிக்கு மூடி, அடித்தளத்துக்கு கான்கிரீட். அங்கே குடியிருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து நடந்த வேலை இல்லை இது. 1908 தொடக்கத்தோடு புதிய நோயாளிகள் வருவது நின்றுபோனது.

ஆனால் அதற்குள் கிருமி கலிஃபோர்னியாவின் தரை அணில்களுக்குத் தாவிவிட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இன்றும் வருஷத்துக்கு ஒரு சிலருக்கு பிளேக் வருகிறது. ஆன்டிபயாடிக் இருப்பதால், சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.