தீயெறும்பு கடல்கடந்து வந்த கதை



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. காம்பாரில் வாழும் நமக்கு ஈயச்சுரங்கமும், பால்மரத் தோட்டமும், 1941ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு நிகழ்ந்த போரும் நினைவுக்கு வரும். ஆயினும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் பள்ளித் திடலின் ஓரத்திலும் மண்ணைக் குவித்து வாழும் ஒரு சிற்றுயிருக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கால வரலாறு உண்டு. அதுவே தீயெறும்பு. மலாய் மொழியில் 'செமுட் அப்பி' என்பர்.

திடலில் வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகள் அலறிக்கொண்டு வருவதையும், சினம் கொண்ட பெற்றோர் மண்ணெண்ணெயைப் புற்றில் ஊற்றுவதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். மறுவாரமே சற்றுத் தள்ளி இன்னொரு புற்று எழுந்து நிற்கும். இஃது ஏன் நிகழ்கிறது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அவ்விடையைப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்னும் நோக்கத்துடன் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழர் கண்ட எறும்பு

நம் முன்னோர் எறும்பை வெறும் தொல்லையாகப் பார்க்கவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், எறும்பைக் கறையானோடு சேர்த்து மூவறிவுயிராக வகுக்கிறது. தொடு உணர்வு, சுவை, மோப்பம் ஆகிய மூன்றுமே அவ்வறிவுகள். புறநானூற்றின் 173ஆம் பாடலில், கையில் சோற்றுடன் வரிசையாகச் செல்லும் சிறுவர்க்கு, மழைக்கு முன் முட்டையைச் சுமந்து மேட்டுநிலம் ஏறும் எறும்புகள் உவமையாகின்றன. பாடியவர் சோழ மன்னர் கிள்ளிவளவன். வாசலில் அரிசிமாவால் கோலமிட்டால் எறும்புக்கும் உணவாகும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

மோப்பம் என்பதை மட்டும் இங்கே நினைவில் நிறுத்துவோம். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் வில்சன், தீயெறும்பு தன் வயிற்றின் நுனியிலுள்ள ஒரு சிறு சுரப்பியின் நீரைத் தரையில் தடவிச் சென்று, பிற எறும்புகளுக்கு வழிகாட்டுகிறது என்று கண்டறிந்தார். எறும்பின் சாரை என்பது மணத்தால் எழுதப்பட்ட கோடு.

ஆயினும் சங்கப் புலவர்கள் கண்ட எறும்புகளுள் இன்று நாம் பேசும் தீயெறும்பு இருந்திருக்க இயலாது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம்.

இசுப்பானியோலாத் தீவின் துயரம்

கொலம்பசு சென்று சேர்ந்த கரிபியத் தீவுகளுள் ஒன்று இசுப்பானியோலா. இன்று எயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் அத்தீவைப் பகிர்ந்துகொண்டுள்ளன. 1518, 1519ஆம் ஆண்டுகளில் அங்கு எறும்புகள் கணக்கின்றிப் பெருகின. ஆரஞ்சு, மாதுளை முதலிய மரங்கள் வேர்ப்பகுதி தாக்கப்பட்டுத் தீப்பட்டவை போல் கருகின. வீடுகளுக்குள்ளும் எறும்புகள் புகுந்தன. கட்டிற்கால்களை நீர் நிரம்பிய தொட்டிகளில் நிறுத்தி வைத்தாலன்றி மக்களால் உறங்க இயலவில்லை என்று, அக்காலத்தில் வாழ்ந்த பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார் எழுதிவைத்துள்ளார். உணவு அலமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் நம் வீட்டு வழக்கத்தை இஃது அப்படியே நினைவூட்டுகிறது.

அவர் தரும் இன்னொரு செய்தியும் சிந்தனைக்குரியது. அங்கிருந்த மடத்துத் துறவியர், பாதரசத்தால் ஆன ஒரு கொடிய நச்சுக் கட்டியை மேல்தளத்தில் வைத்தனர். எறும்புகள் அதைக் கடித்து மாண்டன. ஆனால் சுற்றுப்புறமெங்கும் இருந்து மேலும் மேலும் எறும்புகள் வந்து குவிந்தன. தளமே கரித்தூள் கொட்டியது போல் கறுத்துவிட்டது. இறுதியில் துறவியரே அக்கட்டியை எடுத்துவிட்டனராம். மக்கள் சீட்டுக் குலுக்கி ஒரு புனிதரைத் தேர்ந்து, அவரிடம் முறையிட்டனர்.

அந்த எறும்பு எது? 2005ஆம் ஆண்டில் மேற்குறித்த வில்சன் இப்புதிரை ஆராய்ந்து, அது வெப்பமண்டலத் தீயெறும்பாக இருக்கவேண்டும் என்று கருத்துரைத்தார். 'சோலனோப்சிஸ் ஜெமினாட்டா' என்பது அதன் அறிவியற்பெயர். கேனரித் தீவுகளிலிருந்து 1516ஆம் ஆண்டில் வாழைக்கன்றுகள் கொண்டுவரப்பட்டபோது சாறு உறிஞ்சும் பூச்சிகளும் உடன் வந்திருக்கலாம். அப்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரை உண்டே எறும்புகள் பெருகியிருக்கலாம். மரங்களைக் கொன்றவை உண்மையில் அப்பூச்சிகளே என்பது அவர் துணிபு. கண்ணுக்குத் தெரிந்த எறும்பின்மீது பழி விழுந்தது. மறைந்திருந்த காரணம் தப்பியது.

கப்பலேறிய எறும்பு

அங்கிருந்து அது நம் பக்கம் வந்தது எப்படி? 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு இதற்கு விடை தருகிறது. உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய தீயெறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இவை மெக்சிகோவின் அக்காபுல்கோத் துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்சின் மணிலாவுக்குச் சென்ற ஸ்பெயின் நாட்டு வணிகக் கப்பல்கள் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆசியாவை வந்தடைந்தன என்று காட்டினர். அக்காலக் கப்பல்கள் சரக்குக் குறைந்திருக்கும் வேளையில் நிலைதடுமாறாமல் இருக்க அடித்தட்டில் மண்ணை நிரப்பிச் செல்லும். சேர்ந்த துறைமுகத்தில் மண்ணைக் கொட்டிவிட்டுச் சரக்கை ஏற்றும். அந்த மண்ணோடு ராணி எறும்பும் இறங்கியது.

இங்கே சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். நம் சமையலின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. நம் பாட்டனாரும் பூட்டனாரும் பால்வெட்டிய இரப்பர் மரமும் பிரேசிலிலிருந்து இலண்டன் வழியாக வந்ததே. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்த 22 நாற்றுகளுள் சில, நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரத்தை நம்பிய தோட்டங்களுக்காகவே தமிழர்களும் கப்பலேறி வந்தனர். ஒரே கடல்வணிகம் மரத்தையும், மனிதரையும், எறும்பையும் இடம்பெயர்த்தது.

தீயெறும்புக்கு அடர்ந்த காடு உகந்ததன்று. வெயில் படும், மண் கிளறப்பட்ட வெட்டவெளியே அதற்கு ஏற்ற இடம். காம்பார் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். ஈயம் தோண்டி மணல்மேடும் குட்டையுமாக விடப்பட்ட லம்பங்கள், காடழித்து உண்டான தோட்டங்கள், இரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட நிலங்கள், 2007ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகம் அமைந்த பின் எழுந்த புதிய தாமான்கள். நூறாண்டுக்கும் மேலாக மனிதர் மண்ணைப் புரட்டிக்கொண்டே இருக்கும் இத்தகைய நிலம் தீயெறும்புக்கு விரித்து வைத்த பாய் போன்றது.

அமெரிக்கா கற்ற பாடம்

இவ்வெறும்பின் உறவினம் ஒன்று, தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் அமெரிக்க நாட்டின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. 1942ஆம் ஆண்டில் அந்நகரில் அதன் புற்றைக் கண்டு குறித்து வைத்தவர், அப்போது 13 வயதுச் சிறுவராக இருந்த அதே எட்வர்ட் வில்சன்தான். கொல்லைப்புறத்தில் எறும்பு பார்த்த சிறுவன் உலகறிந்த அறிஞரானதை நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவ்வெறும்பை அடியோடு ஒழிக்க முனைந்தது. வானூர்திகள் வயல்களின்மீது எப்டாகுளோர், டையெல்டிரின் ஆகிய நச்சுகளைத் தூவின. பறவைகளும் மீன்களும் கால்நடைகளும் மாண்டன. ரேச்சல் கார்சன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இத்திட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். அடுத்து மைரெக்சு என்னும் நஞ்சு கலந்த இரை வந்தது. அது மனித உடலின் கொழுப்பிலும் தங்குவது தெரிந்ததும், 1970களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்கோம் உடன்படிக்கை உலக அளவில் கட்டுப்படுத்த முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நச்சுகளில் இம்மூன்றும் இடம்பெற்றன.

தீயெறும்போ அழியவில்லை, மேலும் பரவியது. காரணம் எளிது. தெளித்த நஞ்சு தீயெறும்போடு அதற்குப் போட்டியாக இருந்த உள்ளூர் எறும்புகளையும் கொன்றது. வெற்றிடமான நிலத்தில் முதலில் குடியேறியது தீயெறும்பே. 1972ஆம் ஆண்டில் அவ்வினத்திற்கு 'வெல்லப்படாதது' என்னும் பொருள்படும் 'இன்விக்தா' என்ற பெயர் சூட்டப்பட்டது. எனினும், 2001ஆம் ஆண்டில் ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு புற்றைக் கண்ட நியூசிலாந்து, தொடக்கத்திலேயே முனைந்து அதனை ஒழித்தது. வெற்றிக்குக் காரணம் காலத்தே கண்டறிதலே, நஞ்சின் அளவன்று.

நம் தோட்டப்புற அனுபவம்

நஞ்சின் விலையை அறிய நாம் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் தாய்மார்கள் முதுகில் கலனைச் சுமந்து தோட்டங்களில் மருந்தடித்தவர்கள். தெனாகனித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேட்டை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றான பாராகுவாட் களைக்கொல்லி, தடை, தளர்வு எனப் பல கட்டங்களைக் கடந்து 2020 சனவரி முதல் நாள் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இத்தகைய வரலாறு உடைய சமூகம், பிள்ளைகள் ஓடியாடும் கொல்லையில் நஞ்சை அள்ளித் தெளிப்பது தகுமா?

கொல்லையில் செய்யத்தக்கவை

முதலில் எறும்பை இனங்காண வேண்டும். மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் முசுறு, அதாவது கெரெங்கா, வேறினம். அது கடிக்குமேயன்றிக் கொட்டாது. பழமரங்களின் பூச்சிகளைத் தின்று நன்மையும் செய்யும். சீனர்கள் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காக்க அதைப் பயன்படுத்தியது கி.பி. 304ஆம் ஆண்டளவிலேயே பதிவாகியுள்ளது. தீயெறும்போ தரையில் மண்ணைத் தளர்வாகக் குவித்து வாழும். ஒரே புற்றில் சிறியனவும், பருத்த சதுரத் தலையுடைய பெரியனவும் இருக்கும். புற்றைத் தீண்டினால் கூட்டமாக வந்து ஏறும்; தாடையால் பற்றிக்கொண்டு வாலால் கொட்டும்.

அடுத்து, மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டா. அவை மண்ணைக் கெடுக்கும், தீவிபத்துக்கும் இடமளிக்கும். ஆழத்திலுள்ள ராணி தப்பிவிட்டால் கூட்டம் இடம்மாறிப் பிழைத்துக்கொள்ளும். ரவையைத் தின்றால் எறும்பு வயிறு வெடித்துச் சாகும் என்பதும் வெறும் நம்பிக்கையே. வளர்ந்த எறும்பு திட உணவை விழுங்குவதில்லை, நீர்மத்தையே உறிஞ்சும். திட உணவைப் புழுக்களிடம் ஊட்டி, அவை கரைத்துத் தருவதையே பகிர்ந்துண்ணும்.

இவ்வுண்மையே இரை மருந்தின் அடிப்படை. சோளக் குருணையில் எண்ணெயும் மெதுவாக வேலைசெய்யும் மருந்தும் கலந்திருக்கும். எறும்பு உடனே சாகாமல் அதைச் சுமந்து சென்று புழுவுக்கும் ராணிக்கும் ஊட்ட, சில வாரங்களில் புற்று அழியும். இசுப்பானியோலாத் துறவியரின் நச்சுக்கட்டி தோற்றதும் இதனாலேயே. அது வந்த எறும்பைக் கொன்றது, ராணியைச் சென்றடையவில்லை.

இரையைப் புற்றின் உச்சியில் கொட்டாமல் சுற்றிலும் சிறிதளவே தூவவேண்டும். நண்பகலில் தரை சுடும். பிற்பகலில் நம் ஊரில் மழை பிடிக்கும். ஆதலால் மழையில்லா நாளில், காலை வெயில் ஏறுமுன் தூவுவது நன்று. முதலில் ஒரு வறுத்த உருளைக்கிழங்குச் சீவலை வைத்துப் பாருங்கள். அரைமணி நேரத்தில் எறும்பு மொய்த்தால் அவை இரைதேடும் வேளை அது. அதே காலத்தில் புற்றின்மேல் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். அஞ்சிய எறும்பு இரையைத் தொடாது. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவுபெற்ற மருந்துதானா என்று உறையில் பார்த்து வாங்குங்கள்.

மருந்தே வேண்டா என்போர் கொதிநீரைப் பயன்படுத்தலாம். ஒரு புற்றுக்கு ஏறத்தாழ 11 லிட்டர் வேண்டும். பத்தில் ஆறு புற்றுகளே இதனால் அழியும். மீண்டும் ஊற்ற நேரிடும். பெரியவர்களே இதைச் செய்யவேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சந்தையில் விற்கும் எறும்புச் சாக்கட்டி, வகுப்பறைச் சுண்ணக்கட்டியைப் போலவே தோன்றும். அதில் பூச்சிக்கொல்லி உண்டு. அதைப் பள்ளிக்குள் அனுமதிக்கலாகாது.

எறும்பு கொட்டிவிட்டால் அதைக் கையால் தட்டி நீக்கி, சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் தரலாம். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, சற்றும் தாமதியாது 999 எண்ணை அழைக்கவேண்டும்.

ஐந்நூறு ஆண்டுகளில் மனிதர் இவ்வெறும்பை நஞ்சால் வென்றதைவிட, நஞ்சால் தம்மையே வருத்திக்கொண்டதே மிகுதி. அதன் வாழ்வை அறிந்தோர்க்கே ஓரளவு வெற்றி கிட்டியது. மாணவர்களைத் தொலைவில் நிறுத்தி ஒரு புற்றின் சாரையைப் பத்து நிமிடம் கவனிக்கச் செய்யுங்கள். அறிவியலும் வரலாறும் தொல்காப்பியமும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும்.