நோவா வெள்ளத்துக்குப் பின் உயிரும் உழவும்

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் (தொடக்கநூல்) 6 முதல் 9 வரையிலான அதிகாரங்களில், நோவா என்பவர் பேழை கட்டி விலங்குகளோடு தப்பிய ஒரு பெருவெள்ளத்தைச் சொல்கிறது. அது உலகம் முழுவதையும் மூடியிருந்தால், நீர் வடிந்த மண்ணில் பயிரும் கால்நடையும் மனிதரும் மீண்டும் தழைத்திருக்க முடியுமா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. முடியும் என வாதிடும் தரப்பின் முக்கிய நூல்கள் இரண்டு: ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் 1961-இல் வெளியிட்டது, பேழையின் சாத்தியத்தைக் குறித்து ஜான் வுட்மொராப் 1996-இல் எழுதியது. மறுதரப்பில் மண்ணியல், தாவரவியல், தொல்லியல் சான்றுகள் நிற்கின்றன. கடல்நீர் ஏறிய வயல் தேறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படித் தேறியதாக நாம் அறிந்த இடங்களுக்கெல்லாம் பக்கத்திலேயே முழுகாத நிலம் இருந்தது. கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

நூல் தரும் காலக்கணக்கு

நோவாவின் 600-ஆம் வயதில், இரண்டாம் மாதம் 17-ஆம் நாள் வெள்ளம் தொடங்குகிறது. 40 நாள் மழை. 150 நாள் நீர் ஓங்கி நிற்கிறது. மலைகளுக்கு மேல் 15 முழம் உயரம். ஏழாம் மாதம் 17-ஆம் நாள் பேழை அரராத்து மலைகளில் தங்குகிறது. மறு ஆண்டு இரண்டாம் மாதம் 27-ஆம் நாள் நிலம் காய்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே புறா ஒலிவ இலையைக் கொத்தி வந்துவிடுகிறது. உணவுப் பொருள்களைச் சேர்த்து வைக்கும்படி நோவாவுக்குக் கட்டளை உண்டு. விதைப்புக்கான தானியம் பற்றித் தனியாக எதுவும் இல்லை. வெளியே வந்தபின் சொல்லப்படும் முதல் சாகுபடி திராட்சைத் தோட்டம்.

உப்பு

இன்றைய கடலில் உள்ள நீர் ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர். எவரெஸ்ட் வரை உலகை மூட இதைப்போல மூன்று மடங்குக்கும் மேலான நீர் கூடுதலாக வேண்டும். வளிமண்டலத்தில் உள்ள ஈரம் அத்தனையும் மழையாகக் கொட்டினாலும் உலகெங்கும் சராசரியாக 2.5 சென்டிமீட்டர்தான் தேறும். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, வந்தது முழுக்க நன்னீர் என்றே வைத்துக்கொள்வோம். கடலில் லிட்டருக்கு 35 கிராமாக இருக்கும் உப்பு 8 கிராம் அளவுக்கு இறங்கும். அந்த அளவு உப்பு ஊறிய மண்ணில் நெல் பிழைக்காது. கோதுமை விளைச்சல் பாதியாகும். பார்லி ஓரளவு தாக்குப்பிடிக்கும். திராட்சையோ உப்பை எளிதில் தாங்காத பயிர். பவளப்பாறைகள் இந்த நீர்த்த கடலையும் தாங்கா, கிலோமீட்டர் ஆழத்து இருட்டையும் தாங்கா.

ஆனாலும் உப்பு நிரந்தரச் சாபம் அல்ல. ஓர் அடி மண்ணில் ஓர் அடி நன்னீரைத் தேக்கி வடித்தால் கரையும் உப்பில் சுமார் 80 விழுக்காடு இறங்கிவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கடலோர வயல்கள் உவர் ஏறிக் கிடந்தபோது விவசாயிகள் செய்தது இதுதான். படிந்த மணலையும் சேற்றையும் வாரினார்கள், வரப்பை உயர்த்தி நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். 2005-இல் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்து மிச்ச உப்பையும் கழுவியது. உவரைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நாட்டு நெல் ரகங்களும் அந்தப் பகுதியிலேயே இருந்தன.

விவிலியக் கணக்குக்கு இன்னும் நெருக்கமான சான்று நெதர்லாந்தின் வால்கெரன் தீவு. 1944 அக்டோபரில் நேச நாட்டு விமானங்கள் அதன் கடலணைகளைக் குண்டு போட்டு உடைத்தன. ஓராண்டுக்கும் மேலாகக் கடல் ஏறி இறங்கியது. 1946 தொடக்கத்தில்தான் கடைசி உடைப்பு அடைபட்டது. தீவின் மரங்கள் பெரும்பாலும் பட்டுப்போயின. உப்பு கழுவப்பட்ட பின்னும் களிமண்ணில் தங்கிய சோடியம், மழை பட்டதும் மண்ணைக் குழைய வைத்து இறுக்கிவிடும். ஜிப்சத்தில் உள்ள கால்சியமே அதை விரட்டும். அப்படிச் சீர்செய்த நிலம் சில ஆண்டுகளில் மீண்டும் விளைந்தது. மரக்கன்றும் விதையும் தீவுக்கு வெளியிலிருந்து வந்தன. உலகமே முழுகியிருந்தால் அந்த வெளி எது?

விதைகளின் பொறுமை

விதைகள் கடல்நீரில் பிழைக்குமா என்ற கேள்வியைச் சோதனையில் நெருங்கியவர் சார்லஸ் டார்வின். தீவுகளுக்குத் தாவரங்கள் எப்படிப் போயின என்று அறிய, 1855 வாக்கில் அவர் 87 வகை விதைகளை உப்பு நீரில் ஊறவைத்தார். 28 நாளுக்குப் பின் 64 வகைகள் முளைத்தன. சில வகைகள் 137 நாள் தாங்கின. இது வெள்ளத்தை நம்புவோருக்கு உண்மையிலேயே வலுவான சான்று. அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. சீனாவின் லியாவோனிங் பகுதியில் வற்றிய ஏரிச் சேற்றில் கிடைத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு பழைய தாமரை விதையும் முளைத்திருக்கிறது.

எனவே தாவர உலகம் அடியோடு அழிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உமரி போன்ற உவர்ச்செடிகள், அலையாத்தி, தென்னை, வலிய ஓடுள்ள களைவிதைகள் எனச் சில தப்பியிருக்கலாம். ஆனால் 137 நாள் தாங்கியவை சில வகைகளே. நூலின் கணக்கோ ஓராண்டைத் தாண்டுகிறது. பல மீட்டர் வண்டலுக்கு அடியில் புதைந்த சிறுவிதை உயிரோடிருந்தாலும் மேலே எட்டிப்பார்க்காது. வேர் நீரில் நின்றால் வாடிவிடும் ஒலிவ மரம், நிலம் காயும் முன்பே இலை விட்டது என்பதை விளக்குவது இன்னும் கடினம்.

மண்ணுக்குள் வாழும் உயிர்களைப் பற்றி விவாதங்களில் குறைவாகவே பேசப்படுகிறது. பெரும்பாலான நிலத்தாவரங்கள் வேர்ப்பூஞ்சையின் துணையோடுதான் மண்ணிலிருந்து பாஸ்பரஸை எடுக்கின்றன. 1993-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி, மிசௌரி ஆறுகள் பெருக்கெடுத்த பின், நீர் நின்ற வயல்களில் மறு ஆண்டு மக்காச்சோளம் குன்றிப்போனது. பயிரில்லாத நீரடி மண்ணில் அந்தப் பூஞ்சை அருகிப்போனதே காரணம். ஒரே ஒரு பருவத்து நன்னீரின் விளைவு இது.

இரண்டிரண்டு விலங்குகள்

ஒரு ஜோடியிலிருந்து ஓர் இனம் பெருகவே முடியாது என்பதும் மிகைதான். கெர்கெலன் தீவுக்கூட்டத்தின் ஓட் தீவில் 1957-இல் விடப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணுமான காட்டுச்செம்மறிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் அங்கே புல் ஏற்கெனவே விளைந்து நின்றது. வேட்டை விலங்கு இல்லை. அரராத்துச் சரிவில் இறங்கிய ஆட்டுக்கு முதல் நாளே தீனி வேண்டும். பின்னால் இறங்கும் சிங்கத்துக்கோ அந்த ஆட்டை விட்டால் வேறு இரை இல்லை.

வட்டார வெள்ளமாகக் கொண்டால்

பேராயர் அஷ்ஷர் வெள்ளத்துக்குக் கணித்த ஆண்டு கி.மு. 2348. அந்தக் காலத்தில் எகிப்தின் அரசமரபு அறுபடவில்லை. கலிபோர்னிய மலைகளில் அதற்கும் முந்திய பிரிசில்கோன் பைன் மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. உலகம் முழுவதும் முழுகியதற்கு இவை இடம் தரவில்லை. அறிஞர்களில் பலர் இக்கதையின் வேரை மெசபடோமியாவில் காண்கிறார்கள். 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் படித்தறிந்த கில்கமேஷ் காப்பியக் களிமண் பலகையில், வெள்ளத்திலிருந்து தப்பியவன் உயிர்கள் அனைத்தின் விதையையும் கைவினைஞர்களையும் படகில் ஏற்றிக்கொள்கிறான்.

அவனுடைய ஊராகச் சொல்லப்படும் ஷுருப்பக், இன்றைய ஈராக்கின் ஃபாரா. அங்கே கி.மு. 2900-ஐ ஒட்டிய ஆற்றுவெள்ள வண்டல் படிவு அகழாய்வில் கிடைத்தது. அதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின், கி.மு. 2600 அளவில் அதே ஊரில் எழுதப்பட்ட களிமண் பலகைகள் பார்லி அளந்து கொடுத்ததையும் ஏருக்கு விட்ட கழுதைகளையும் பதிவு செய்கின்றன.