தொடக்கம் எது? – அமெரிக்கன் மிஷன் மரபும் யாழ்ப்பாண ஆதீனமும்

தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் தன் தொடக்கத்தை இரண்டு ஆண்டுகளில் வைத்துப் பேசுகின்றது. ஒன்று, அமெரிக்கன் மிஷனரிமார் வந்தடைந்த 1816. மற்றையது, பேராயர் ஆட்சியை ஏற்று ஐக்கிய திருச்சபையில் இணைந்த 1947. இவ்விரண்டிற்கும் இடையே வெறும் காலத்தொலைவு மட்டுமன்று, கொள்கைத்தொலைவும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

எமது உருத்திரபுரத்திலும் இத்தகைய வழக்குண்டு. இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்து குடியேற்றம் உண்டானதிலிருந்து ஊரின் கதையைத் தொடங்குவார் சிலர். பழைய சிவாலயத்தைச் சுட்டி, ஊர் அதனினும் மிகத் தொன்மையானது என்பார் வேறு சிலர். இரு சாராரும் பொய் கூறுபவரல்லர்; எதனை ஊர் என்று கொள்கின்றனர் என்பதிலேயே வேறுபடுகின்றனர். திருச்சபை விடயத்திலும் வினா அதுவே.

1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கிக் கீழைத்தேசங்களுக்கு நற்செய்தி கொண்டு செல்வது குறித்துப் பிரார்த்தித்தனர் என்பது இம்மரபினர் போற்றும் கதை. அதன் வழியாக 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றிற்று. அவ்வைவருள் ஒருவரான ஜேம்ஸ் றிச்சட்ஸ், தானியேல் பூவர் முதலியோருடன் 1816இல் இலங்கை வந்து, 1822இல் தெல்லிப்பழையில் காலமானார்.

ஆயின் அவர்கள் வந்திறங்கிய மண் வெறுமையானதன்று. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பாழடைந்த தேவாலயங்களே அவர்களுக்குக் கிடைத்தன. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் கருதிப் பெயரளவில் ஞானஸ்நானம் பெற்றோர் பலர். 1795இல் அவ்வாட்சி நீங்கவே அக்கூட்டமும் கரைந்துபோயிற்று. இதனை மனங்கொண்டாலன்றி அமெரிக்கரின் முதற்போதனைகளிற் காணப்படும் கடுமை விளங்காது. தன் மனமாற்றத்தைச் சபையின் முன் அறிக்கைசெய்து, சோதித்து ஏற்கப்பட்டவனே சபையின் அங்கத்தவன் என்பது அவர்தம் கொள்கை. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளவேண்டும் என்பது மற்றொன்று. பேராயர் என்ற பதவிக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இன்று அம்மரபைப் பற்றிப் பேசுவோர் இப்போதனைகளைப் பெரிதும் பேசுவதில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் எழுந்த உடுவில் மகளிர் பாடசாலை, 1841இல் வெளிவந்த உதயதாரகை, தமிழில் மருத்துவங் கற்பித்த வைத்தியர் கிறீன் என்பனவே முன்வைக்கப்படுகின்றன. இவை பெருமைக்குரியன என்பதில் ஐயமில்லை. எனினும் கல்வி ஒரு கருவியாகவே கொண்டுவரப்பட்டது. கருவி நோக்கத்தை விஞ்சி வளர்ந்தது என்பதை அம்மிஷனே ஒருகால் உணர்ந்து அஞ்சியது. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவில் இடம்பெற்ற றூபஸ் அண்டர்சன், ஆங்கிலங் கற்ற மாணவர் பிரசங்க பீடத்தை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடுவதைக் கண்டார். சுதேச மொழியில் இயங்கித் தன்னைத் தானே தாங்கும் சபையே வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. செமினரி மூடப்பட்டது.

அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவத்துக்கு மீண்டு, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மிஷனின் கணக்கில் அவர் இழப்பு. தமிழின் கணக்கில் பெரும்பேறு. கல்விப் பணியையே தன் தோற்றத்தின் பொருளாகக் கூறும் திருச்சபை, அவரை எக்கணக்கில் எழுதும் என்பது சுவையான வினா. செமினரி மூடப்பட்டதை உள்ளூரார் ஏற்றமைந்துவிடவுமில்லை. அவர்தம் முயற்சியாலும் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று.

1908இல் யாழ்ப்பாணச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையின் பகுதியாயின. 1947 செப்ரெம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, சபாபதி குலேந்திரன் முதற் பேராயராக அபிஷேகம் பெற்றார். கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாட்டை ஒப்பாய்ந்து நூல் செய்த அறிஞர் அவர். பேராயரின்றித் தோன்றிய மரபு பேராயரை ஏற்றது, முதற்போதனையைக் கைவிட்டமையா, விரித்தமையா? ஐக்கியம் என்ற பேறுக்காகத் தனியாட்சி என்ற பிடியைத் தளர்த்தினர் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அப்பேறும் முழுமையாகக் கிட்டவில்லை. தென்னிந்தியாவில் ஒரே சபையாய் இணைந்த அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் யாழ்ப்பாணத்தில் அயலவராகவே நின்றனர். இலங்கைக்கெனத் தனியே வகுக்கப்பட்ட ஐக்கியத் திட்டமோ 1972இல் நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டது.