அடைக்கக் கூடாத ஜாலி

வீட்டைப் புதுப்பிக்கும்போது பலர் முதலில் அடைப்பது வென்டிலேட்டரைத்தான். அந்தச் சின்னத் திறப்புக்குப் பெரிய வரலாறு உண்டு.

அகமதாபாத்தில் 1573-இல் கட்டப்பட்ட சிதி சையது மசூதியில் மரமும் கொடியும் பின்னிய கல் ஜாலிகள் இருக்கின்றன. அழகு, நிழல், காற்று மூன்றும் ஒரே கல்லில். 1799-இல் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் பிரதாப் சிங் கட்டிய ஹவா மஹாலில் 953 சிறு ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் வீதியைப் பார்க்கலாம், காற்றும் வரும். 1945-இல் இந்தியா வந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதையே செங்கல்லில் செய்தார். இடைவெளி விட்டு அடுக்கியதால் ஜன்னல் சட்டம், கம்பி, கண்ணாடிச் செலவு மிச்சம்.

பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வைத்த காரணம் எளிது: சூடான காற்று மேலே போகும். சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சமையலறையில் கீழேயும் ஒரு திறப்பு வேண்டும். கேஸ் கீசர் உள்ள குளியலறையை அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, உயிரையே பறித்துவிடும்.

ஜாலி வாங்கும்போது பூவேலையை மட்டும் பார்க்காதீர்கள். வேலைப்பாடு நெருக்கமானால் காற்றுக்கு இடம் குறையும். கழற்றித் துடைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கொசுத் தொல்லை என்றால் வலை அடியுங்கள், பலகை வேண்டாம்.