ஆசிரியையின் குரல்: கனேடியப் பாடகி போர்ஷியா வைற்

நூற்றாண்டு மலருக்குக் கனடாவிலிருந்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, இங்குள்ள எமது கிளையின் கதையை எழுதவே முதலில் எண்ணினேன். அதனை என்னிலும் நன்றாக எழுதக்கூடிய சகோதரிகள் இருக்கிறார்கள். எனவே நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் ஒரு கலைஞரைப் பற்றி எழுதுகிறேன். அவர் ஒரு பாடசாலை ஆசிரியை. அவரை மேடைக்கு அனுப்பியதில் ஒரு மகளிர் சங்கத்துக்கும் ஒரு பெண்கள் பாடசாலை அதிபருக்கும் பெரும் பங்குண்டு.

போர்ஷியா வைற் 1911 ஜூன் 24 ஆம் திகதி நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ட்றூரோ நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தையார் வில்லியம் வைற், அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். முதலாம் உலகப் போரில் கனடாவின் கறுப்பினப் படைப்பிரிவுக்குக் குருவாகப் பணியாற்றியவர். பின்னர் ஹலிபக்ஸ் நகரில் ஒரு பப்ரிஸ்ற் திருச்சபையின் போதகரானார். அந்தத் திருச்சபைப் பாடகர் குழுவைத் தாயார் நடத்தினார். போர்ஷியா சிறு வயதிலேயே திருச்சபைப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கிவிட்டார்.

டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பயின்ற பின்னர் ஆசிரியத் தொழிலுக்கு வந்தார். ஹலிபக்ஸ் நகரின் ஓரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஆபிரிக்வில் கிராமத்திலும், அயலிலுள்ள லூக்கஸ்வில்லிலும் படிப்பித்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை என்று இருந்த காலம் அது. பகலில் கரும்பலகை, மற்றைய நேரத்தில் பாட்டுப் பயிற்சி என்று அவருடைய நாட்கள் கழிந்தன. மாகாண இசை விழாக்களில் வெள்ளிக் கிண்ணம் பெற்றார். ஆனால் ஆசிரியையின் சம்பளத்தில் உயர்ந்த இசைப் பயிற்சி பெறுவது எளிதன்று.

இந்த இடத்திற்றான் பெண்கள் கை கொடுத்தார்கள். 1939 இல் ஹலிபக்ஸ் மகளிர் இசைக் கழகம் அவருக்குப் புலமைப்பரிசில் வழங்கியது. அதன் உதவியுடன் ஹலிபக்ஸ் இசைக் கல்லூரியில் ஏர்னஸ்ரோ வின்சி என்ற ஆசிரியரிடம் பயின்றார். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகையான கொன்ட்ரால்ரோவே தமது குரலின் இயல்பு என்பது அங்கே தெளிவாயிற்று. அடுத்து, ரொறன்ரோவிலுள்ள பிராங்க்ஸம் ஹோல் பெண்கள் பாடசாலையின் அதிபர் ஈடித் றீட் அவரது பாட்டைக் கேட்டு ஊக்கமளித்தார். அதன் பயனாக 1941 நவம்பர் 7 ஆம் திகதி ரொறன்ரோ ஈற்றன் மண்டபத்தில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது. அதன்பின் ஆசிரியத் தொழிலை விட்டு முழுநேரப் பாடகியானார்.

1944 மார்ச் 13 ஆம் திகதி நியூயோர்க் ரவுண் ஹோலில் பாடினார். ஐரோப்பிய மேடைப் பாடல்களோடு தம் மக்களின் பக்திப் பாடல்களையும் சேர்த்துப் பாடுவது அவர் வழக்கம். அதே ஆண்டில் அவருக்கு உதவுவதற்கென்றே நோவா ஸ்கோஷியாவில் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. இன்றும் அந்த நிதியம் இளங்கலைஞர்களுக்கு உதவி வருகிறது. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா வரை சென்று அவர் பாடினார்.

ஆயினும் அந்தக் காலத்தை மறந்துவிடலாகாது. 1946 இல் அதே மாகாணத்தில், ஒரு திரையரங்கில் வெள்ளையருக்கென ஒதுக்கிய ஆசனத்தை விட்டு எழும்ப மறுத்த வயோலா டெஸ்மண்ட், ஒரு சத வரி வித்தியாசத்தைக் காரணம் காட்டித் தண்டிக்கப்பட்டார். இன்று கனடாவின் பத்து டொலர்த் தாளில் இருப்பவர் அவர்தான். ஒரு கறுப்பினப் பெண்ணின் பாட்டுக்கு மண்டபம் எழுந்து நின்று கைதட்டிய அதே நாட்டில், இன்னொரு கறுப்பினப் பெண் ஓர் ஆசனத்துக்காக வழக்குமன்றம் ஏற வேண்டியிருந்தது.

குரலில் ஏற்பட்ட சிரமங்களால் போர்ஷியாவின் மேடை வாழ்வு நீடிக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் குடியேறி, மீண்டும் ஆசிரியையானார். தமக்கு முதலில் ஊக்கமளித்த அதிபரின் பிராங்க்ஸம் ஹோலிலேயே மாணவிகளுக்குப் பாட்டுக் கற்பித்தார். 1964 ஒக்ரோபரில் சாளற்ரவுண் நகரில் கலை நிலையமொன்று திறக்கப்பட்டபோது எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் பாடினார். 1968 பெப்ரவரி 13 ஆம் திகதி ரொறன்ரோவில் காலமானார். வயது ஐம்பத்தாறு.

அவர் படிப்பித்த ஆபிரிக்வில் அந்த ஆண்டுகளில் அழிந்துகொண்டிருந்தது. நகர அபிவிருத்தி என்ற பெயரில் 1960களில் வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் தேவாலயமும் இடிக்கப்பட்டது. 2010 இல்தான் ஹலிபக்ஸ் நகரசபை மன்னிப்புக் கேட்டது. அந்தத் தேவாலயத்தைப் போலவே கட்டிய ஒரு கட்டடம் இப்போது அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. ஊரை இழந்தவர்கள் ஒரு கட்டடத்தின் உருவத்தையாவது மீட்டு வைக்க ஏன் விரும்புகிறார்கள் என்பதை எம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

போர்ஷியா வைற் 1995 இல் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவராக அறிவிக்கப்பட்டார். 1999 இல் அவருக்கு முத்திரை வெளியிடப்பட்டது. அவர் பெயரால் நோவா ஸ்கோஷியா அரசு வழங்கும் கலைப்பரிசில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு: பரிசு பெறும் கலைஞர், வளர்ந்துவரும் ஒருவரைத் தெரிந்து, பரிசில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

எமது மண்டபத்தில் பரிசளிப்பு விழாவுக்குப் பாடிய தோழிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களிற் சிலர் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பாடினார்கள். வகுப்புக்குக் கட்டப் பணமில்லாமலும், பின்னர் போரினாலும் இடப்பெயர்வினாலும் அவர்களுடைய பாட்டு நின்றுபோயிற்று. அந்த வயதில் அவர்களைக் கேட்டு, ‘இவளுக்கு நாம் உதவுவோம்’ என்று சொல்ல ஒரு சங்கம் முன்வரவில்லை.

இன்று எமது சங்கத்துக்கு நூறு வயது. கட்டடத்துக்கும் கணினிக்கும் நிதி சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டு, பாடக்கூடிய ஒரு மாணவிக்கு ஒரு புலமைப்பரிசில் தொடங்குவோமா? ஹலிபக்ஸ் மகளிர் செய்ததும் அவ்வளவுதான்.