பாடும் மீனைத் தேடியவர்கள்

அரிய உயிரைத் தேடுவோர் மலையேறுவது வழக்கம். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில், அழிந்துபோயிற்றெனப் பலர் எண்ணியிருந்த தேவாங்கு 2009ஆம் ஆண்டில் முதன்முறையாக நிழற்படத்தில் அகப்பட்டது. மட்டக்களப்பு வாவியில் நிகழ்ந்த தேடலோ வேறு வகையினது. அங்கே கண்ணுக்கு வேலையில்லை, காதுக்கே வேலை.

1848ஆம் ஆண்டு, குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நீரடியிலிருந்து இசை எழுவதாகக் கேள்வியுற்று, நிலவெழுந்தபின் மீனவரோடு தோணியேறினார். கோட்டை இறங்குதுறைக்கு அப்பால், அலையடங்கிய நீரிலிருந்து மெல்லொலிகள் பல எழுந்தன. ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஒலிகள் அவை. தோணியின் மரத்திற் காதை வைத்தபோது அவை மேலும் வலுத்தன. பாடுவது மீனன்று, ஊரியே என்பது மீனவர் கூற்று. அதனை அவர் புறக்கணியாது, 1859இல் வெளியான தம் நூலிற் பதிந்து வைத்தார்.

நூறாண்டுக்குப்பின், 1954இல், அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைக் கருவியிற் பதிவுசெய்தார்.

மீன்கள் சில தம் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச்செய்து ஒலியெழுப்ப வல்லன. ஆயினும் இவ்வாவியிற் பாடுவது மீனா, ஊரியா என்பது இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை.

கல்லடியிற் பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஊர் வளர்வது நன்றே. எனினும், தேவாங்குக்குக் காடு எத்தகையதோ, இவ்விசைக்கு அமைதி அத்தகையது. இரைச்சல் பெருகுமாயின், பாடுவது யாதென அறியுமுன்னரே பாட்டு மறைந்துவிடக்கூடும்.