புத்தளத்தின் மாஞ்ஞா இசை

புத்தளத்திற்கு அண்மையிலுள்ள சிரம்பையடியில், ஐரோப்பியர் ஆட்சிக்காலங்களில் இலங்கைக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோருட் பலர் ஆங்கிலேயரின் படையில் வீரராயிருந்தவர்கள்.

இம்மக்களின் இசை ‘மாஞ்ஞா’ எனப்படும். றபான் முழங்க, சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளமிட, போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலமைந்த சில அடிகளே மீண்டும் மீண்டும் பாடப்படும். மெல்லத் தொடங்கும் பாட்டு வரவர விரைவுறும். ஆட்டமும் உடன் விரையும்.

இதற்கு உறவான கபிரிஞ்ஞாத் தாளத்தையே, பொலிஸ் சேவையிலிருந்த வாலி பஸ்டியன்ஸ் (1914–1985) சிங்களப் பைலாவாக்கி நாடெங்கும் பரப்பினார். ‘பைலா’ என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்களிலும் அத்துள்ளல் பின்னர் ஒலித்தது.

இன்று சிரம்பையடி இளைஞர் பலருக்குப் பாட்டின் பொருள் முற்றும் விளங்குவதில்லை. எனினும் பாடுகின்றனர். மொழி தளர்ந்தவிடத்துத் தாளமே அவர்தம் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது.